பார்க் கிணற்றில் ஒரு கை

ஜட்கா நின்றதும் சூசைமேரியின் மூக்கில் புதுச் சுண்ணாம்பு வாசம் ஏறியது. இறங்கிக் குடையை விரித்துக்கொண்டு அவள் முதலில் பார்த்தது பூச்செடிகளை அல்ல, கேட்டில் தொங்கிய பூட்டைத்தான். பூட்டு புதிது. சங்கிலி துருவேறிய பழசு.

“இழுத்தா கையோட வந்துரும் போல” என்று முணுமுணுத்துக்கொண்டாள்.

அவள் சுபாவம் அப்படி. பெண்கள் பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியாரம்மா அவள். வயிற்றுவலி என்று மூலையில் உட்காரும் பெண்ணை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்காமல் விடமாட்டாள். மாதா கோயில் வாசலில் மெழுகுவத்தி வாங்கினால்கூடத் திரி முழு நீளம் ஓடுகிறதா என்று நிமிண்டிப் பார்ப்பாள். எதையும் சுரண்டிப் பார்க்காமல் நம்புவது அவளுக்கு வராது.

முப்பத்தாறாம் வருஷத்துக் கோடை அது. கோயமுத்தூரின் கிழக்கு ஓரத்தில், ஊரார் பண்ணாடி என்று கூப்பிடும் பண்ணையார் திருமலைசாமி தானமாகக் கொடுத்த தோட்டத்தை நகரசபை பொதுமக்கள் பார்க்காக மாற்றியிருந்தது. ஊஞ்சலும் சறுக்குமரமும் வைத்தாயிற்று. பொழுதோடு வந்து உட்காருகிறவர்களுக்கு கிராமபோன் பாட்டு, பத்திரிகை படிக்க ஒரு ஓட்டுக் கொட்டகை. எல்லாவற்றுக்கும் நடுவில் அந்தக் கிணறு. பாறையைச் சதுரமாக வெட்டி இறக்கிய பெரிய கிணறு. அதைச் சுற்றிக் கைப்பிடிக் கம்பி போட்டு, படிக்கட்டுக்குச் சிமெண்டு பூசி, நீச்சல் பழகும் இடமாக்கியிருந்தார்கள்.

“வாங்க, வாத்தியாரம்மா, வாங்க!” பார்க் கமிட்டித் தலைவர் பாலுசாமி வேட்டிக்கு மேல் போட்டிருந்த கோட்டைச் சரிசெய்துகொண்டு ஓடிவந்தார். பருத்தி வியாபாரி, நல்ல மனுஷர். “வருசா வருசம் கோடையில எத்தனை குழந்தைகளக் கெணறு குடிச்சிருது! பொட்டப் புள்ளைகளுக்கும் நீச்சுத் தெரியோணுமுங்க. உங்கள உட்டா அதுக்கு ஆளில்லை.”

சூசைமேரி கருமத்தம்பட்டிக்காரி. நடக்கப் பழகியதும் மாமன் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து நீந்தப் பழகியவள். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

சுற்றுவட்டாரத்துக் கிணறுகளெல்லாம் பாறை தெரிய வற்றிக் கிடந்த சித்திரை மாதம். இதில் மட்டும் பாதிப் படிகள் மூழ்க நீர் நின்றது. பச்சைக் கண்ணாடி மாதிரி, ஒரு அசைவுமில்லாமல்.

“இதுல மட்டும் எப்படிங்க இவ்வளவு தண்ணி?”

“நல்ல ஊத்துங்க. பண்ணாடி எல்லாத்தையும் சும்மா குடுத்தார். அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு. எக்காரணத்துக்கும் கெணத்த எறைச்சு வத்த உட்டுரப்படாது. ஊத்துக்கண்ணு கெட்டுப்போகுமாம்.”

“ஊருக்கே சிறுவாணித் தண்ணி குழாயில வருது. இந்த ஊத்து கெட்டா அவருக்கு என்னங்க நட்டம்?”

பாலுசாமி சிரித்தார். அவர் பதில் சொல்லவில்லை என்பதைச் சூசைமேரி கவனித்துக்கொண்டாள்.

பண்ணாடி கொஞ்ச தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். வெள்ளைப் பட்டுச் சட்டை, காதில் கடுக்கன், எழுபது வயதிலும் வளையாத உடம்பு. வந்தவர்கள் எல்லோரும் கிணற்றைப் பார்த்து நின்றார்கள். அவர் மட்டும் அதற்கு முதுகைக் காட்டி நின்றார்.

*

வகுப்பு பிற்பகலில். மில் தொழிலாளிகள் வீட்டுப் பெண்கள், குமாஸ்தாக்கள் வீட்டுப் பெண்கள் என்று ஒரு கும்பல் பாவாடையை இறுகச் சொருகிக்கொண்டு படியில் வரிசையாக நின்றது. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி ஒவ்வொருத்தியாக இறக்கினாள் சூசைமேரி. தானும் சேலையைக் கச்சமாகக் கட்டிக்கொண்டு கழுத்தளவு நீரில் நின்றாள்.

சாந்தாமணி என்று ஒரு பெண், பத்து வயது இருக்கும். அவள் தண்ணீரைக் கண்டதுமே அலறினாள். கம்பியைப் பிடித்த பிடியை அவ்வளவு பேர் சேர்ந்தும் விடுவிக்க முடியவில்லை. கடைசிவரை படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள்.

மறுநாள் அதே சாந்தாமணி, குடுக்கை இல்லாமல், கிணற்றின் நடுவில் மிதந்துகொண்டிருந்தாள்.

சூசைமேரி வேறொருத்தியின் முதுகில் முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பிய இடைவெளியில் அது நடந்திருந்தது. ஒரே பாய்ச்சலில் போய் அவளைப் பற்றி இழுத்துக்கொண்டு படிக்கு வந்தாள்.

“யாரு கண்ணு உன்ன அங்க போகச் சொன்னது? எப்ப நீச்சுப் பழகுனே?”

சாந்தாமணி மலங்க மலங்க விழித்தாள். “நீங்கதானுங்களே வாத்தியாரம்மா அடிவயித்துல கை குடுத்துப் புடிச்சுட்டு இருந்தீங்க?”

“நானா?”

“ஆமாங்க. உங்க கை சில்லுனு இருந்துச்சுங்க.”

சூசைமேரி தன் கையைத் தானே தொட்டுப் பார்த்தாள். வெயிலில் வெதுவெதுவென்று இருந்தது.

அந்த வாரம் முடிவதற்குள் எல்லாப் பெண்களும் நீந்தினார்கள். மாதக்கணக்கில் பழக வேண்டிய வித்தை அது. யார் வந்து பார்த்தாலும் அவளைத்தான் புகழ்ந்தார்கள். அவளுக்கோ அந்தப் புகழ் உள்ளே இறங்கவில்லை. யாரோ தனக்குத் தெரியாமல் இந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். யார்? வகுப்பில்லாத நேரத்தில் கேட்டைத் திறந்து விடக்கூடிய ஆள் ஒருவன்தான்.

காவல்காரன் மயில்சாமி.

முன்பு இதே தோட்டத்தில் மாடு ஓட்டியவன். பார்க் ஆனதும் காவலுக்கு இருத்திக்கொண்டார்கள். அவன் அந்தக் கிணற்று நீரைத் தொட்டு அவள் பார்த்ததில்லை. செடிக்கு ஊற்றக்கூடத் தெருக்குழாயிலிருந்து குடத்தில் சுமந்து வந்தான். பெண்கள் இறங்கினதும் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வான். அதுவும் அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. அடக்கமா, நடிப்பா?

ஒரு நாள் வெயில் தாழும் முன்பே வந்து, கொட்டகைக்குள் ஒளிந்திருந்து அவனைக் கண்காணித்தாள். அவன் கேட்டின் பக்கமே போகவில்லை. யாரும் உள்ளே வரவில்லை. கிணறு மட்டும் ஒரு தரம் சலசலத்தது, யாரோ படியில் உட்கார்ந்து காலை நீரில் ஆட்டுவதுபோல.

எட்டிப் பார்த்தாள். படி காலி.

*

அதை அவள் பார்த்தது மறுநாள்.

சாய்வெயில் நேராகக் கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தது. சாந்தாமணி குப்புறப் படுத்து, கைகால்களை விரித்து, அசையாமல் மிதந்தாள். சூசைமேரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நீருக்குள் அமிழ்ந்து, கண்ணைத் திறந்து, கீழிருந்து பார்த்தாள்.

அந்தப் பெண்ணின் அடிவயிற்றில் நீலப் பாவாடைத் துணி மேல்நோக்கி அழுந்தியிருந்தது.

நடுவில் உள்ளங்கை. சுற்றிலும் ஐந்து விரல்கள்.

கை இல்லை. கை பதிந்த பள்ளம் மட்டும். மெலிந்த நீள விரல்கள், ஒரு பெண்ணின் விரல்கள், துணியில் அச்சாகத் தெரிந்தன. பயந்த குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல, கட்டைவிரல் இருந்த இடம் மெல்ல அசைந்தது.

சூசைமேரி வாய் நிறையத் தண்ணீரோடு மேலே வந்தாள்.

“மாதாவே! எல்லாரும் ஏறுங்க! ஏறுங்கங்கறேன்!”

பெண்கள் ஒன்றும் புரியாமல் ஏறினார்கள். தலையைத் துவட்டிக்கொண்டே ஒருத்தி இன்னொருத்தியிடம் கிசுகிசுத்தது அவள் காதில் விழுந்தது.

“வாத்தியாரம்மா அக்காளப் பாத்துட்டாங்க போலிருக்குது.”

அன்று பெண்கள் போனபிறகு மயில்சாமியை நேராகப் பிடித்துக்கொண்டாள். “இந்தக் கெணத்துல உழுந்து செத்தது யாரு? மறைக்காமச் சொல்லு.”

“இந்தக் கெணத்துல உழுந்து யாரும் சாகலீங்க.” அவன் உடனே சொன்னான். அவ்வளவு உடனே சொன்னதுதான் உறுத்தியது.

“பின்னே நீ ஏன் இந்தத் தண்ணியத் தொடறதில்லே?”

மயில்சாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைக்க வேர்வை ஒன்றும் இல்லை.

“பண்ணாடி மக, சின்ன அம்மணி, பழனாத்தான்னு பேருங்க. அவங்கதான் கடைசியா இதுல நீச்சடிச்சவங்க. அவங்களக் கட்டிக்குடுத்ததுக்கப்பறம் இதுல யாரும் எறங்குனதில்லீங்க.”

“எங்க கட்டிக்குடுத்தாங்க?”

“கிணத்துக்கடவுங்க.”

“வந்து போவாங்களா?”

“ஒரு தரங்கூட வந்ததில்லீங்க. நோம்பிக்குக்கூட வல்லீங்க.” அவன் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். “கல்யாண வண்டி எப்பப் போச்சுன்னு பண்ணையத்து ஆளுக்காரங்க நாங்க பாக்கலீங்க. ராவோட ராவா அனுப்பிப்போட்டாங்க.”

சூசைமேரி மனசுக்குள் கணக்குக் கூட்டிப் பார்த்தாள். வண்டி போனதை யாரும் பார்க்கவில்லை. பெண் திரும்பி வரவேயில்லை. கிணற்றை வற்ற விடக்கூடாதாம். பெற்ற மகளையா?

*

வகுப்பை நிறுத்திவிடச் சொல்லிப் பாலுசாமியிடம் போனாள். அவர் கையைப் பிசைந்தார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கில் பொது நிகழ்ச்சி. நோட்டீஸ் அடித்தாயிற்று. பெண்களின் டிரில், கோலாட்டம், கடைசியாக நீச்சல். ஊர்ப் பெரிய மனிதர்களெல்லாம் வருகிறார்கள், பண்ணாடியே தலைமை.

“என்ன விசேசமோ, பண்ணாடியுந்தான் நேத்து ஆள் உட்டார்” என்றார் பாலுசாமி. “நீச்சல் வேண்டாம், கோலாட்டத்தோட நிறுத்திக்குங்கன்னு. பொட்டப் புள்ளைக நனைஞ்சுட்டு நிக்கறது நல்லா இல்லையாம். எடம் குடுத்த மனுசர், இப்பப் போயி…”

சூசைமேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அவரே வேண்டாங்கறாரா?”

“ஆமாங்க.”

“அப்ப நடத்தலாமுங்க.”

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பின்னாளில் அவளே பலமுறை யோசித்ததுண்டு. அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான். நீச்சல் நடக்கும்போது அந்த ஆளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒத்திகைக்கு ஒவ்வொரு பெண்ணின் இடுப்பிலும் கயிறு கட்டி, மறுமுனையைக் கம்பியில் முடிந்து, கண்ணை எடுக்காமல் நின்றாள். பெண்கள் நீந்தினார்கள். பிறகு அவள் சொல்லாமலேயே, ஒரே நேரத்தில் எல்லோரும் மூழ்கினார்கள்.

நீர்ப்பரப்பு மூடிக்கொண்டது.

கயிறுகள் மட்டும் விறைத்து நின்றன.

அவள் முதல் கயிற்றை இழுக்கப் போன சமயத்தில் தலைகள் மேலே வந்தன. ஒவ்வொருத்தியும் ஒரு கல்லைக் கொண்டுவந்து, படியில் வைத்துவிட்டு மீண்டும் நீந்தப் போனாள். சூசைமேரி ஒரு கல்லைப் புரட்டினாள். கிணற்றுப் பாறையின் சில்லு அல்ல அது. ஒரு பக்கம் சுண்ணாம்புக் காரை ஒட்டியிருந்தது. கட்டிய சுவரின் கல்.

“சாந்தாமணி! எங்கிருந்துடி எடுத்தே இத?”

“அடியில ஒரு குடைவு இருக்குதுங்க. அதுல செவுரு வெச்சு அடைச்சிருக்காங்க. அதப் பிரிக்கறமுங்க.”

“யாரு பிரிக்கச் சொன்னா?”

“அக்காளுங்க.” சாந்தாமணி கம்பியைப் பிடித்துக்கொண்டு கால்களைச் சந்தோஷமாக ஆட்டினாள். “எங்களப் புடிச்சுக்கறது கை மட்டுந்தானுங்க. மத்ததெல்லாம் உள்ள இருக்குதாம். உள்ளுக்கிருந்து தள்ள முடியலையாமுங்க.”

*

ஞாயிற்றுக்கிழமை பார்க் கொள்ளாத கூட்டம். தோரணம் கட்டியிருந்தது. கிராமபோன் தொண்டை கட்டிப் பாடிக்கொண்டிருந்தது. கோலாட்டம் முடிந்ததும் எல்லோரும் கிணற்றைச் சுற்றி வந்து நின்றார்கள். பண்ணாடிக்குக் கைப்பிடிக் கம்பியை ஒட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். தலையைத் திருப்பி மரக்கிளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சூசைமேரி நீருக்கருகே கடைசிப் படியில் நின்றாள். பெண்களைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தாள்.

பெண்கள் வட்டமாக நீந்தினார்கள். கூட்டம் கை தட்டியது. வட்டம் சுருங்கியது. பிறகு எல்லோரும் ஒன்றாக மூழ்கினார்கள்.

கை தட்டல் நின்றது.

கிராமபோனை யாரோ நிறுத்தினார்கள்.

காத்திருந்து, காத்திருந்து, ஒரு தாய் “ஐயோ” என்று வாயெடுத்தபோது தலைகள் எழும்பின. கூட்டம் ஆரவாரித்தது. பெண்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு கல்லைப் படியில் வைத்தார்கள். அதுவும் ஒரு வித்தை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பண்ணாடி அப்போதுதான் கீழே பார்த்தார்.

முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போயிற்றோ. எழுந்தார். யார் தடுத்தும் கேட்காமல், விடுவிடுவென்று படியிறங்கி வந்தார். சூசைமேரியை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, காரை ஒட்டிய அந்தக் கல்லைக் காலால் நீருக்குள் எத்தினார்.

“எவ சொன்னா இதையெல்லாம் பேத்து எடுக்கச் சொல்லி?” அடித்தொண்டையில் சீறினார். “எவ சொன்னா?”

அடுத்த கல்லை எத்தினார். ஈரப்படி வழுக்கியது.

அவர் குப்புற விழுந்ததில் எழுந்த அலை எல்லோர் காலையும் நனைத்தது. பிறகு கூட்டம் ஆச்சரியத்தோடு பார்த்தது. பண்ணாடி மிதந்தார். கைகால் அசைக்காமல், தலை நிமிர்ந்து, வெண்பட்டுச் சட்டை காற்று பிடித்து உப்ப, ஓடம் மாதிரி மெதுவாகக் கிணற்றின் நடுவை நோக்கிப் போனார்.

“அட, பண்ணாடிக்கு நீச்சுத் தெரியுமா?” மேலே யாரோ சிரித்தார்கள்.

சூசைமேரிக்கு மட்டும்தான் அவருடைய முகம் தெரிந்தது. மூழ்குகிறவன் முகம் அல்ல அது. மூழ்காமல் இருப்பதைக் கண்டு நடுங்குகிறவன் முகம். உதடுகள் அசைந்தன.

“விடு… விடு புள்ளே…”

அவள் நீரில் குதித்தாள். அவரை எட்டக் கையை நீட்டினாள்.

“விட்டுரு புள்ளே!”

சொன்ன சொல்லைக் கேட்டதுபோல, அது விட்டது.

கல் விழுவதுபோல அவர் நேராகக் கீழே போனார். ஒரு குமிழிகூட வரவில்லை. சூசைமேரி அவர் பின்னால் முங்கினாள். பச்சை கறுப்பாகி, காது இரைய, குளிர் எலும்பைத் தொட்ட ஆழத்தில், அவள் அடிவயிற்றில் ஒரு கை வந்து பதிந்தது. மெலிந்த, சில்லென்ற கை. அது அவளைக் கீழே இழுக்கவில்லை. குழந்தையைத் தூக்குவதுபோல மேலே தூக்கி, படியில் கொண்டுவந்து விட்டது.

*

உடலை எடுக்கக் கிணற்றை இறைக்க வேண்டியதாயிற்று. ஆயில் இன்ஜின் விடாமல் ஓடிக் கிணறு வற்றியதும், அடிப்பாறையில் ஒரு குடைவு தெரிந்தது. ஊற்றைத் தேடிப் பக்கவாட்டில் வெட்டிய பொந்து. அதை அடைத்த சுவர் முழுதும் பிரிந்து கிடந்தது. பண்ணாடி அந்தப் பொந்துக்குள் இருந்தார். முழங்காலை மடக்கி, தலையைக் கவிழ்த்து, ஒரு ஆள் குந்தி உட்காரத்தான் இடமிருந்த அதற்குள், யாரோ பத்திரமாக உட்கார வைத்ததுபோல.

சூசைமேரி போலீஸ்காரர்களுக்குப் பின்னாலேயே நின்று எட்டிப் பார்த்தாள். எலும்பைத் தேடினாள். ஒரு வளையல் துண்டையாவது தேடினாள்.

ஒன்றுமில்லை. சேறுகூட இல்லை. கூட்டிப் பெருக்கின வீட்டுத் தரையாட்டம் சுத்தமாக இருந்தது.

“கால் வழுக்கி உழுந்தார், அவ்வளவுதான்” என்றார் இன்ஸ்பெக்டர்.

சூசைமேரியின் சந்தேகத்தைக் கேட்ட பாலுசாமி வாயைப் பிளந்தார். “பழனாத்தாளா? அந்தம்மா உசுரோட இருக்கறாங்களே! போன மாசங்கூடப் பருத்தி வாங்கப் போனப்பப் பாத்தேனுங்க.”

அவள் நம்பவில்லை. அப்பன் சாவுக்குக்கூட வராத மகள் உயிரோடு இருக்கிறாள் என்று யாராவது சொன்னால் போதுமா? கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்த பஸ்ஸில் கிணத்துக்கடவுக்குப் புறப்பட்டாள்.

*

தென்னந்தோப்புக்கு நடுவில் பெரிய ஓட்டு வீடு. “ஏனுங்க, ஊட்டுல யாருங்க?” என்று குரல் கொடுத்ததும், பூசினாற்போன்ற உடம்போடு, நெற்றியில் திருநீறோடு ஒரு அம்மாள் வந்தாள். நடு வயது. முகத்தில் பண்ணாடியின் சாடை அப்படியே இருந்தது.

“நான்தானுங்க பழனாத்தா. உள்ள வாங்க.”

உயிரோடு இருக்கிறவள், மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சூசைமேரி அதை வாங்கிக்கொண்டு, இத்தனை நாளாகத் தான் மனதுக்குள் கொன்று வைத்திருந்த பெண்ணை விழித்துப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. கூடவே, அந்தக் கை யாருடையது என்ற கேள்வி முன்னைவிடப் பெரிதாக எழுந்தது.

கிணற்றில் நடந்ததையெல்லாம் சொன்னாள். பழனாத்தாள் தரையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அடிவயிற்றில் கை என்றபோது மட்டும் தலையை நிமிர்த்தினாள்.

“எனக்கும் அப்படித்தானுங்க சொல்லிக்குடுத்தா.”

“யாருங்க?”

“தோட்டத்துக்குச் சாணி பொறுக்க வர்ற புள்ளை. ஊருக்கு அக்கட்ட, ஆளுக்காரங்க குடியிருக்கற வளவுல இருந்து வருவா. என்னவிட நாலஞ்சு வயசு பெருசு. அவங்கெல்லாம் எங்க கெணத்துல கால் வெக்கப்படாதுங்க. உச்சி வெயில்ல எல்லாரும் படுத்துத் தூங்கறப்ப, திருட்டுத்தனமா எறங்கி எனக்கு நீச்சுப் பழக்குவா.” அவள் நிறுத்தினாள். “அப்பறம் வல்லீங்க. ஓடிப்போயிட்டான்னாங்க.”

“அது எப்பங்க?”

“எனக்குக் கல்யாணம் பேசுன கோடைங்க.”

“குடைவை அடைச்சது?”

பழனாத்தாள் எழுந்து போய் அணைந்தே இருந்த அடுப்பை மீண்டும் அணைப்பதுபோல எதையோ செய்துவிட்டு வந்தாள்.

“அந்தக் கோடையிலதானுங்க. பாம்பு குடியிருக்குதுன்னு சொல்லி எங்க அய்யன் ஒரு கொத்தனாரக் கூட்டியாந்தார்.”

“உங்களுக்கு ஒண்ணும் சந்தேகம் வரலீங்களா?”

தென்னை ஓலைகள் உரசிக்கொண்டன. சூசைமேரி அவள் முகத்தையே பார்த்தாள். இவளுக்குத் தெரியும், எல்லாம் தெரியும் என்று தோன்றியது. தெரிந்ததனால்தான் இத்தனை வருஷம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

“அந்தப் புள்ளை பேராவது என்னங்க?”

“பேரெல்லாம் யாருக்குங்க தெரியும்?” பழனாத்தாள் சட்டென்று சொன்னாள். “ஏ புள்ளேன்னுதான் எல்லாருங் கூப்புடுவோம்.”

அந்த நேரத்தில் பின்பக்கத்து வாசலில் நிழலாடியது. பழனாத்தாளின் கடைசி மகள், ஆறேழு வயதுப் பெண் பொன்னாத்தா, அங்கே வந்து நின்றாள். தலைமுடி முகத்தில் ஒட்டியிருந்தது. பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“எங்கடி போயி நனைஞ்சே?” பழனாத்தாள் பதறிப்போய் எழுந்தாள். “கெணத்துப் பக்கம் போனியா? நீச்சுத் தெரியாத புள்ளை…”

“எனக்கு இப்பத் தெரியுமே” என்றாள் குழந்தை. “நஞ்சியக்கா புடிச்சுக்கிட்டாங்க.”

சூசைமேரியின் பார்வை தாயின் பக்கம் திரும்பியது. எந்த நஞ்சி என்று பழனாத்தாள் கேட்கவில்லை.

அவள் குழந்தையைக்கூடப் பார்க்கவில்லை. குழந்தையின் தலைக்கு மேலாக, வாசலுக்கு வெளியே, வெயில் அடிக்கும் வெற்றுக் களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் தாமாகக் குவிந்தன. அந்த வெளியைப் பார்த்தே கூப்பிட்டாள்.

“வெளியவே நிக்காதே நஞ்சி… உள்ள வா.”

குழந்தை ஓடி வந்து தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டது. வாசலில் இப்போது யாரும் இல்லை.

வாசற்படிக்கு இந்தப் பக்கம், காய்ந்த சாணித் தரையில், ஒரு ஈரம் பிறந்து மெல்ல வீட்டுக்குள் பரவியது.